ஏறுகிறவரின் காலைத் தட்டிவிடாத நலத்திட்டம்: வடிவமைப்பது எப்படி?

நலத்திட்டம் ஒன்றை எழுத உட்காரும் கூட்டங்களில் யாராவது ஒருவர் முதல் பத்து நிமிடத்துக்குள் இதைக் கேட்டுவிடுவார்: "சும்மா கொடுத்தால் வேலைக்குப் போகவே மாட்டார்களே?" கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை வைத்தே திட்டம் முழுவதையும் கட்ட ஆரம்பித்தால், படிவம், வரம்பு, ஆய்வு, ரத்து உத்தரவு எல்லாமே சந்தேகத்தின் மேல் எழும்பும். நான் இப்படிப்பட்ட திட்ட வரைவுகளோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டியவன். என் அனுபவத்தில் அதைவிடப் பயனுள்ள கேள்வி இது: உதவி வாங்கும் ஒருவர் நாளைக் காலையில் ஒரு வேலையில் சேர்ந்தால், நம் விதிகள் அவரை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி வடிவமைப்பு முடிந்த மாதிரி. அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு தாய், இரண்டு சிறு பிள்ளைகள். வீட்டில் தையல் வேலை செய்து மாதம் 25 சம்பாதிக்கிறார் (எந்த நாட்டுக் காசாகவும் இருக்கட்டும், விகிதம்தான் முக்கியம்). உதவித்தொகை 40, வாடகை உதவி 20. ஆக மொத்தம் கையில் 85. இலவச மருத்துவ அட்டையும் உண்டு.

இப்போது அவருக்கு 100 சம்பளத்தில் முழுநேர வேலை கிடைக்கிறது. வருமான வரம்பைத் தாண்டிவிட்டார், அதனால் உதவித்தொகை நிற்கிறது, வாடகை உதவியும் நிற்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 12, போக்குவரத்துக்கு 8. மிச்சம் 80. மாதம் முழுக்க நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்து, வீட்டில் இருந்ததைவிட 5 குறைவாக வாங்குகிறார், மருத்துவ அட்டையும் போய்விட்டது. அவர் அந்த வேலையை வேண்டாம் என்று சொன்னால் கோப்பில் "ஆர்வம் இல்லை" என்று எழுதிவைப்போம். அவருக்கு நம்மைவிட நன்றாகக் கணக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதையே உங்கள் திட்டத்துக்குச் செய்யுங்கள். தாளின் இடது ஓரத்தில் வருமானத்தைச் சின்னச் சின்னப் படிகளாக ஏற்றிக்கொண்டே போங்கள், 0, 10, 20 என்று. பக்கத்தில் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு பத்தி. கடைசியில் செலவெல்லாம் போகக் கையில் நிற்பது. எந்த இடத்தில் வருமானம் ஏறியும் கையிருப்பு இறங்குகிறதோ, அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, அதை நீங்கள்தான் வெட்டி வைத்திருக்கிறீர்கள். தனியாள், தம்பதி, ஒற்றைப் பெற்றோர், முதியவரைப் பராமரிக்கும் குடும்பம் என்று குறைந்தது நான்கு வகைக்காவது போட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஒரு வகைக்குச் சமதரையாக இருப்பது இன்னொரு வகைக்குக் கிணறாக இருக்கும்.

முக்கியமான ஒன்று: உங்கள் துறையின் உதவியை மட்டும் போட்டால் கணக்கு பொய் சொல்லும். வருமானம் 100 கூடும்போது உங்கள் திட்டம் 40 மட்டும் குறைக்கிறது, நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகை உதவி கொடுக்கும் துறையும் 40 குறைக்கிறது, குழந்தைப் பராமரிப்புக்குக் கொடுக்கும் துறையும் 40 குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் 100 சம்பாதித்தவருக்கு 120 நஷ்டம். மூன்று துறைகளில் உட்கார்ந்திருக்கும் யாருமே தவறு செய்யவில்லை, ஆனால் அந்தக் குடும்பம் மாட்டிக்கொண்டது.

பள்ளத்தைச் சரிவாக மாற்றுவது

இதற்கு வழி பழையதுதான். முதல் கொஞ்சம் வருமானத்தை உதவிக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதற்கு மேல் வருவதில் ஒரு பங்கை மட்டும் உதவியிலிருந்து கழியுங்கள். மேலே சொன்ன தாய்க்கே போட்டுப் பார்ப்போம்: முதல் 30 கணக்கில் வராது, அதற்கு மேல் ஒவ்வொரு 100க்கும் 40 குறையும் என்று வைத்தால், 100 சம்பளத்தில் 70தான் கணக்கில் வரும், அதில் 40 சதவீதம், அதாவது 28 குறையும். 60 ஆக இருந்த உதவி 32 ஆகும். சம்பளத்தோடு சேர்த்து 132, செலவு 20 போக 112. முன்பு 85. இப்போது வேலைக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

இது இலவசமாக வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மெதுவாகக் குறைத்தால் உதவி மேல் வருமானம் வரை நீளும். இந்தக் கணக்கில் 40 சதவீதம் வைத்தால் வருமானம் 180 ஆகும்போதுதான் உதவி முழுதாக நிற்கிறது. 60 சதவீதம் வைத்தால் 130லேயே நின்றுவிடும், அரசுக்கு மிச்சம், ஆனால் உழைப்பவர் கையில் தங்குவது குறையும். நிதித்துறை இந்த இடத்தில்தான் உங்களோடு சண்டை போடும். பிரிட்டனில் குறைந்த வருமானக்காரர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித் திட்டத்தில் இந்த விகிதம் 63 சதவீதமாக இருந்து, 2021 இறுதியில் 55 ஆகக் குறைந்தது. அந்த 8 சதவீதத்துக்காக எவ்வளவு வாதம் நடந்தது! அமெரிக்கா 1975ல் வேறு பக்கமிருந்து வந்தது: குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு வரிக்கணக்கின் வழியாகவே கூடுதல் பணம், ஆரம்பப் படிகளில் வருமானம் ஏற ஏற உதவியும் ஏறும். வேலையே கிடைக்காதவருக்கு அது எட்டாது என்பது அதன் பெரிய ஓட்டை.

வரம்பைத் தாண்டியதும் ஒரு பாதுகாப்புக் காலம் கொடுங்கள். பிரேசிலில் ஏழைக் குடும்பங்களுக்கான போல்சா ஃபமிலியா என்ற பண உதவித் திட்டம் 2023ல் மறுபடி வடிவமைக்கப்பட்டபோது, வருமானம் வரம்பை மிதமாகத் தாண்டிய குடும்பங்களுக்கு உடனே நிறுத்தாமல் பாதித் தொகையை இரண்டு ஆண்டு வரை கொடுக்கலாம் என்று வைத்தார்கள் (பின்னாளில் இந்தக் காலம் சுருக்கப்பட்டது). இதன் பயன் பணத்தைவிடப் பயம் குறைவதில்தான் தெரியும். புது வேலை மூன்று மாதத்தில் போய்விட்டால்? முதலாளி கணக்கை முடித்து அனுப்பிவிட்டால்? மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை, மறுபடி ஆறு மாதம் காத்திருப்பு என்றால் யார்தான் துணிவார்கள்? "வேலை போனால் அதே மாதம் திரும்பச் சேரலாம், புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை" என்று ஒரே ஒரு விதி எழுதுங்கள். பெரிய செலவு வைக்காத விதி இது, ஆனாலும் வரைவுகளில் அதிகம் விட்டுப்போவதும் இதுதான்.

அப்புறம் சேமிப்பு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தாலே தகுதி போய்விடும் என்று விதி வைத்துவிட்டு, ஏன் இவர்கள் சேமிப்பதில்லை என்று கேட்பது நியாயமே இல்லை. அமெரிக்காவில் உடற்குறை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்குமான ஓர் உதவித் திட்டத்தில், தனிநபர் 2,000 டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு 1989லிருந்து அப்படியே நிற்கிறது, விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சொத்து வரம்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் தொழில் கருவி, வேலைக்குப் போகும் வண்டி, ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு மூன்றையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லோரையும் ஒரே படிக்கட்டில் ஏற்றாதீர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் கண்டிப்பாகச் செய்யுங்கள். மிக முதியவர்கள், கடுமையான உடற்குறை உள்ளவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்வதே முழுநேர வேலையாகிப்போனவர்கள், இவர்களைச் "சொந்தக் காலில் நிற்க வைக்கும்" திட்டத்துக்குள் இழுக்காதீர்கள். இவர்களுக்கு வேண்டியது நிலையான, கேள்வி கேட்காத வருமானம். இவர்களிடம் மாதாமாதம் "வேலை தேடினீர்களா" என்று கேட்பது அவமானம், கேட்கும் ஊழியரின் நேரமும் வீண்.

கையில் எதுவும் இல்லாதவருக்கு ஒரு பொருள் மட்டும் போதாது

சம்பள வேலையே இல்லாத இடங்களில் மேலே சொன்ன சரிவு, விகிதம் எதுவும் எடுபடாது. அங்கே சுயதொழில்தான் வழி. இதில் எனக்குத் தெரிந்த மிக நல்ல முன்மாதிரி வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002ல் தொடங்கிய திட்டம். நுண்கடன்கூட எட்டாத, அடித்தட்டிலும் அடித்தட்டில் இருந்த பெண்களை எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தது ஒரு பொருள் மட்டுமில்லை, ஒரு கட்டு: மாடோ ஆடோ வேறு தொழிலுக்கான பொருளோ, அதை நடத்தப் பயிற்சி, முதல் சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு உதவித்தொகை, சேமிப்புப் பழக்கம், மருத்துவ உதவி, இரண்டு ஆண்டு வரை அடிக்கடி வீட்டுக்கே வந்து பார்க்கும் களப்பணியாளர்.

இது ஏன் இவ்வளவு? ஒரு மாட்டை மட்டும் கொடுத்ததாக நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் பால் இல்லை, கன்று ஈனக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் மாதம் தீவனத்துக்குக் கடன். மூன்றாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், மருத்துவமனைச் செலவு, வீட்டில் விற்கக்கூடிய ஒரே பொருள் வாசலில் கட்டியிருக்கிறது. அதை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் "கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியவில்லை" என்போம். அந்த மூன்று மாதச் சாப்பாட்டுத் தொகையும் மருத்துவ உதவியும் இருந்திருந்தால் மாடு நின்றிருக்கும். இந்தக் கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் இன்னொன்றைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. பட்ஜெட் கூட்டத்தில் "ஒன்றைக் குறைக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு இந்த மாட்டின் கதையைச் சொல்லுங்கள்.

பிராக்கின் இந்தத் திட்ட மாதிரி எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என ஆறு நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களோடு சோதிக்கப்பட்டு, 2015ல் முடிவு வெளியானது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் குடும்பங்களின் செலவழிக்கும் திறன் உயர்ந்தே இருந்தது. மேற்கு வங்கத்தில் அதே குடும்பங்களைப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கல்: பெரும்பாலானவர்கள் கோழி எடுத்துக்கொண்டார்கள், அந்தக் கோழிகளில் நிறைய நோயில் செத்துப்போயின. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயனாளிக்கே இருக்கட்டும், ஆனால் அந்தப் பொருள் செத்தாலோ உடைந்தாலோ என்ன செய்வது என்பதைத் திட்டம் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். தடுப்பூசி, காப்பீடு, ஒரு முறை மாற்றுப் பொருள், ஏதாவது ஒன்று.

பணமாகவா, மொத்தமாகவா, நிபந்தனையோடா

பணமாகக் கொடுத்தால் குடித்து அழிப்பார்கள் என்ற பயம் எல்லா நாட்டிலும் உண்டு. உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து 19 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு பொதுவாக ஏறவில்லை, பல இடங்களில் சற்றே குறைந்திருந்தது. ஆகவே அந்தப் பயத்துக்காக மட்டும் பொருளாகக் கொடுக்க வேண்டாம். சந்தையே இல்லாத இடம், பொருள் கிடைக்காத காலம் என்றால் அது வேறு.

மாதாமாதமா, மொத்தமாகவா? என்ன நோக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கென்யாவில் ஏறக்குறைய 200 கிராமங்களில் நடக்கும் பெரிய சோதனை ஒன்றில், சிலருக்கு இரண்டு ஆண்டு மாதத் தொகை, சிலருக்கு 12 ஆண்டு மாதத் தொகை என்ற உறுதி, சிலருக்கு அதே இரண்டு ஆண்டுத் தொகை ஒரே தவணையில். முதல் கட்ட முடிவுகளில், மொத்தமாக வாங்கியவர்களும் 12 ஆண்டு உறுதி பெற்றவர்களும் தொழில் தொடங்குவதில் முந்தியிருந்தார்கள். இரண்டு ஆண்டு மாதத் தொகை வாங்கியவர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை: தொழிலுக்கு முதலீடு வேண்டும், இல்லையென்றால் நீண்ட நாள் நம்பிக்கை வேண்டும், சீக்கிரம் நின்றுவிடும் சின்னத் தொகையில் இரண்டுமே இல்லை.

நிபந்தனை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். மெக்சிகோ 1997ல் தொடங்கிய புரோகிரெஸா திட்டம் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதையும் மருத்துவப் பரிசோதனையையும் நிபந்தனையாக வைத்து நல்ல பலன் கண்டது, அதைப் பார்த்து உலகம் முழுக்க நிபந்தனைகள் பெருகின. ஆனால் மலாவியில் வளரிளம் பெண்களிடம் நடந்த ஒரு சோதனை எனக்கு மறக்காது. நிபந்தனையோடு கொடுத்த பணம் பள்ளி வருகையைக் கூடுதலாக உயர்த்தியது. நிபந்தனை இல்லாமல் கொடுத்த பணமோ இளவயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் அதிகம் குறைத்தது, ஏனென்றால் பள்ளியை விட்டு நின்றுபோன பெண்களுக்கும் அது தொடர்ந்து போய்ச் சேர்ந்தது. நிபந்தனை போட்டால், அதை நிறைவேற்ற முடியாதவர்தான் பெரும்பாலும் உதவி அதிகம் தேவைப்படுபவர் என்பதை மறக்காதீர்கள். நிபந்தனை வைப்பதற்கு முன் அதை நிறைவேற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிக்கு வர வேண்டும் என்றால் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பேருந்து இருக்கிறதா, பிள்ளையை விட ஓர் இடம் இருக்கிறதா?

பயத்தை வைத்து உழைக்க வைக்கலாம் என்ற யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1834ல் ஏழைகள் சட்டத்தை மாற்றியபோது, உதவி வேண்டும் என்றால் பணிவிடுதிக்குள் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதி) வர வேண்டும், அங்கே வாழ்க்கை வெளியே இருக்கும் மிகக் கீழான கூலியாளின் வாழ்க்கையைவிட மோசமாகவே இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்தார்கள். குடும்பங்களைப் பிரித்து அடைத்தார்கள். அதற்கு அடிப்படையாக இருந்த விசாரணை அறிக்கை, பழைய உதவிமுறை மக்களைச் சோம்பேறியாக்கியது என்றது. பின்னால் வந்த பொருளாதார வரலாற்று ஆய்வுகள் அந்த அறிக்கை சான்றுகளை ஒருபக்கமாகக் கையாண்டதைக் காட்டின. முடிவை முதலில் எடுத்துவிட்டுச் சான்று தேடிய திட்டத்துக்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன!

படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள்

ஒருமுறை ஒரு தொழில் உதவித் திட்டத்தின் விண்ணப்பத்தை, அதற்குத் தகுதியுள்ள ஒரு பெண்ணோடு பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். ஒன்பது பக்கம். முகவரியை நான்கு இடத்தில் கேட்டது. வருமானச் சான்றுக்கு ஓர் அலுவலகம், வசிப்பிடச் சான்றுக்கு இன்னொன்று, வங்கி மேலாளர் கையொப்பத்துக்கு மூன்றாவது. அவர் விரல் விட்டு எண்ணினார்: நான்கு நாள் கூலி போகும். ஆறாவது பக்கத்தில் "உத்தேசத் தொழிலின் மூன்றாண்டு வரவு செலவுத் திட்டம்" என்று ஒரு கட்டம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது எனக்கு இல்லைங்க" என்றார். அந்தத் திட்டம் அவரைப் போன்றவருக்காகவே எழுதப்பட்டது.

பணத்தட்டுப்பாடு மனதையே பிடித்துக்கொள்ளும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள் (2013ல் வெளியானது). பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்கள் அதே வகைச் சோதனையில் குறைவாகவே செய்தார்கள். நாம் கொடுக்கும் ஒன்பது பக்கமும் அப்படிப்பட்ட நாட்களில்தான் அவர்கள் கையில் போய்ச் சேர்கிறது. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை மறுபடி கேட்காதீர்கள், ஒரே இடத்தில் முடியும்படி செய்யுங்கள், மறுத்தால் காரணத்தை எளிய மொழியில் எழுதிக் கொடுங்கள், மேல்முறையீட்டுக்கு எங்கே போவது என்பதையும் அதே தாளில் போடுங்கள்.

எதை எண்ணுகிறீர்களோ அதுதான் நடக்கும்

"எத்தனை பேர் திட்டத்தை விட்டு வெளியேறினார்கள்" என்பதை வெற்றியின் அளவாக வைக்காதீர்கள். வைத்தால் ஊழியர்கள் வெளியேற்றத் தொடங்குவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்கா 1996ல் குடும்ப உதவித் திட்டத்துக்குக் கால வரம்பும் வேலை நிபந்தனையும் வைத்த பிறகு பட்டியலில் இருந்த குடும்பங்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே போனது. பொருளாதாரம் நன்றாக இருந்த காலம் அது, குறைந்த சம்பளக்காரர்களுக்கான வரி உதவியும் பெரிதாக்கப்பட்டிருந்தது, ஒற்றைத் தாய்மார்கள் பலர் உண்மையிலேயே வேலைக்குப் போனார்கள். ஆனால் வேலையும் இல்லாமல் உதவியும் இல்லாமல் போன குடும்பங்களும் பெருகின. பட்டியல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாகவே தெரியும்.

நீங்கள் எண்ண வேண்டியது வேறு: வெளியேறி ஓராண்டு கழித்துக் குடும்ப வருமானம் என்ன, மூன்றாண்டு கழித்து என்ன, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏன் வந்தார்கள், சேமிப்பு இருக்கிறதா, கடன் ஏறியிருக்கிறதா. இதற்கான பணத்தைத் திட்டச் செலவிலேயே முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள், பிறகு யாரும் தரமாட்டார்கள். சின்ன அளவில் தொடங்கி, முடிந்தால் ஒத்த நிலையில் உள்ள இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டு, ஓராண்டு பார்த்துவிட்டு விரிவாக்குங்கள். களப்பணியாளர் ஒருவருக்கு எத்தனை குடும்பம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், விரிவாக்கும்போது முதலில் உடைவது அதுதான்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, உதவி நிற்கும்போது அந்தக் குடும்பத்துக்குப் போகும் கடிதத்தை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள், அலுவலக மாதிரிப் படிவத்தில் விட்டுவிடாதீர்கள். "தங்கள் தகுதி ரத்து செய்யப்படுகிறது" என்று அது தொடங்கக் கூடாது. எந்த மாதத்திலிருந்து எவ்வளவு குறையும், எது தொடரும், மருத்துவ அட்டை எந்தத் தேதி வரை செல்லும், வருமானம் குறைந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எழுதியதும் உதவி வாங்கும் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வேலை போனால் என்ன செய்வீர்கள்?" அவருக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை என்றால் கடிதத்தை மறுபடி எழுதுங்கள்.